முளையும் கயிறும்: மனசு உறுத்தாத அன்றாட ஒழுங்குக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பன்னிரண்டு வேலைகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்து ஒரு டைம்டேபிள் போடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு வேலையும் நூற்றுக்கு 95 தடவை சொன்ன நேரத்தில் நடந்துவிடும்; அவ்வளவு ஒழுங்கானவர் நீங்கள். அப்படியும் பன்னிரண்டும் ஒரே நாளில் பிசகாமல் நடக்கும் வாய்ப்பு 54 சதவீதம்தான். ஏழு நாளும் தொடர்ந்து பிசகாமல் ஓடும் வாய்ப்பு 1.3 சதவீதம். சோம்பலுக்கு இந்தக் கணக்கில் இடமே இல்லை. 0.95-ஐ 84 முறை பெருக்கினால் வருவது அவ்வளவுதான்.

நடைமுறை இதைவிட மோசம். கோத்த மணிகளில் முதல் மணி 40 நிமிடம் நகர்ந்தால் பின்னால் இருப்பவை எல்லாம் நகரும். கடைசியில் கையைவிட்டுப் போவது பெரும்பாலும் உங்களுக்கென்று ஒதுக்கியிருந்த ஒன்று: நடை, வாசிப்பு, இல்லாவிட்டால் தூக்கம். இரவில் மனசு உறுத்துகிறது. மறுநாள் இன்னும் இறுக்கமான டைம்டேபிள் தயாராகிறது.

மேய்ச்சலுக்கு விடும் மாட்டை முளையடித்துக் கட்டுவார்கள். முளை அசையாது. கயிறு எட்டும் தூரம்வரை மாடு தன் போக்கில் மேயும். கயிற்றுக்கு நீளமே கொடுக்காமல் கட்டினால் கழுத்து இறுகும். முளையே இல்லாவிட்டால் மாடு பக்கத்து வயலில் நிற்கும். கீழே சொல்லப்போகும் முறை இதுதான்: நாளுக்கு மூன்று முளை, ஒவ்வொரு வேலைக்கும் ஒரு கயிறு, அறுந்தால் முடிச்சுப் போட ஒரு விதி. தேவையானவை ஒரு நோட்டு, ஒரு பென்சில், குறிப்பெடுக்க ஒரு வாரம், அதன்பின் ஒன்றரை மணி நேரம் ஒரே உட்காரல்.

படி 1: ஒரு வாரம் எதையும் மாற்றாமல் குறித்துவையுங்கள்

முதல் வாரத்தில் புதிதாக எதையும் தொடங்க வேண்டாம். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஒரு வரி எழுதினால் போதும்: என்ன செய்தேன், எப்போது தொடங்கி எப்போது முடிந்தது, உடம்பில் தெம்பு எவ்வளவு. தெம்புக்கு 1, 2, 3 என்று மூன்றே மதிப்பெண். ஒரு வரிக்கு அரை நிமிடத்துக்கு மேல் பிடித்தால் தேவைக்கு மேல் எழுதுகிறீர்கள்.

இதில் இரண்டு தவறுகள் நடக்கும். முதலாவது, இரவில் உட்கார்ந்து முழு நாளையும் நினைவிலிருந்து எழுதுவது. நினைவு பெரிய வேலைகளை மட்டும் வைத்துக்கொள்ளும். சாவி தேடியது, போனில் பேசியது, குளியலறை காலியாகும்வரை காத்து நின்றது எல்லாம் விட்டுப்போகும். நாளைத் தின்பவை அவைதான். இரண்டாவது, குறிப்பு எழுதுகிறோம் என்பதற்காகவே அந்த வாரம் நல்ல பிள்ளையாக நடந்துகொள்வது. அந்தக் குறிப்பை வைத்துப் போடும் திட்டம் உங்களுக்குப் பொருந்தாது, அந்த நல்ல பிள்ளைக்குத்தான் பொருந்தும். வாரம் எவ்வளவு அலங்கோலமாக இருக்கிறதோ அவ்வளவு பயன்.

வாரக் கடைசியில் நோட்டைப் புரட்டி மூன்று விஷயங்களை மட்டும் கோடிட்டு வையுங்கள். ஏழு நாளும் தவறாமல் நடந்தவை எவை? ஒவ்வொரு வேலைக்கும் உண்மையில் எத்தனை நிமிடம் பிடித்தது? தெம்பு 3 என்று குறித்த நேரங்கள் எந்த மணிகளில் விழுகின்றன? மற்றதை அலச வேண்டாம்.

படி 2: நிமிடக் கணக்கை நேர் செய்யுங்கள்

ஒரு வேலைக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று ஊகிப்பதில் மனிதர்கள் விடாமல் ஒரே பக்கம் சறுக்குகிறார்கள். 1994-ல் ரோஜர் பியூலர், டேல் கிரிஃபின், மைக்கேல் ராஸ் மூவரும் வெளியிட்ட ஆய்வில், ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த மாணவர்களிடம் எப்போது முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரி பதில் 33.9 நாள். எல்லாமே கெட்டுப்போனால் எத்தனை நாளாகும் என்று கேட்டதற்கு 48.6 நாள். உண்மையில் பிடித்தது 55.5 நாள். அவர்கள் கற்பனை செய்த மோசமான நிலையைக்கூட நிஜம் தாண்டிவிட்டது.

எனவே ஊகத்தை விட்டுவிட்டு நோட்டைப் பாருங்கள். ஒரு வேலைக்கு ஏழு நாளும் பிடித்த நேரங்களை வரிசையாக எழுதி, மிக நீளமானதற்கு அடுத்ததை எடுங்கள். குளித்துத் தயாராக 22, 25, 25, 28, 30, 38, 55 நிமிடம் என்றால் திட்டத்தில் வரவேண்டியது 38. சராசரியை எடுத்தால் வாரத்தில் சில நாள் தாமதம் நிச்சயம். அதை நீங்களே எழுதிவைத்த தாமதம் என்றுதான் சொல்ல வேண்டும். நோட்டில் இல்லாத புது வேலையாக இருந்தால் மனசில் தோன்றும் நேரத்தை ஒன்றரையால் பெருக்குங்கள். ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்கு மாற 10 நிமிடம் தனியாகச் சேருங்கள். அந்தப் பத்து நிமிடத்தை ஏறக்குறைய எல்லாருமே விட்டுவிடுகிறார்கள்.

அடுத்து வருவது கசப்பான கழித்தல். படுக்கைக்கு 8 மணி நேரம் போனால் மீதி 16 மணி, அதாவது 960 நிமிடம். வேலையும் போக்குவரத்தும் சேர்ந்து 10 மணி என்றால் மீதி 360. சமையல், குளியல், துப்புரவு, பிறரைக் கவனிப்பது எல்லாம் 195 என்றால் மீதி 165. எதிர்பாராததற்கு அதில் 40 சதவீதத்தை, அதாவது 66 நிமிடத்தை, எடுத்து வைத்தால் கையில் நிற்பது 99 நிமிடம். உங்கள் எண்கள் வேறாக இருக்கும், செய்முறை இதுதான். இந்த 99 நிமிடத்துக்குள் உடற்பயிற்சி, மொழி கற்பது, எழுத்து, தியானம், நண்பர்கள் என்று நான்கு மணி நேர ஆசைகளைத் திணித்துவிட்டு முடியவில்லையே என்று குமைவதுதான் பாதிப் பேருடைய குற்ற உணர்வு. கழித்தல் போட்டவுடனேயே அதில் ஒரு பங்கு கரைந்துபோகும்.

குழந்தை வளர்ப்பவர்களுக்கும் முதியவர்களைப் பார்த்துக்கொள்பவர்களுக்கும் விடை சில நேரம் 20 நிமிடம் என்று வரும், பூஜ்யம் என்றும் வரும். அப்போது திட்டத்தை நெருக்கிப் பயனில்லை. வீட்டிலிருப்பவர்களோடு உட்கார்ந்து எந்த வேலை யார் கைக்கு மாறும் என்று பேச வேண்டியிருக்கும். நிமிடக் கணக்கை எழுதிக் காட்டினால் அந்தப் பேச்சு புகாராகத் தொனிக்காது.

படி 3: மூன்று முளைகளை அடியுங்கள்

முளை என்பது நீங்கள் நினைத்தாலும் நினைக்காவிட்டாலும் தினமும் நடந்தே தீரும் ஒன்று. படி 1-ல் கோடிட்ட பட்டியலிலிருந்தே அதை எடுக்க வேண்டும். புதிதாக ஒரு நல்ல பழக்கத்தைக் கண்டுபிடித்து அதையே முளையாக்குவது ஆடும் குச்சியில் மாட்டைக் கட்டுவது மாதிரி. எழுந்து பல் துலக்குவது, அன்றைய முதல் சாப்பாடு, வேலை முடிந்து கம்ப்யூட்டரை மூடுவது அல்லது வீட்டு வாசலுக்குள் நுழைவது, படுக்கும் முன் விளக்கணைப்பது போன்றவை நல்ல முளைகள். மூன்று போதும், நான்குக்கு மேல் வேண்டாம்.

நல்ல முளைக்குத் தொடக்கமோ முடிவோ கண்ணுக்குத் தெரியும்படி இருக்கும். 'கொஞ்சம் ஓய்வு கிடைத்ததும்', 'பிள்ளைகள் அடங்கியதும்' என்பவை முளை ஆகா, ஏனென்றால் அந்த நிமிடம் எது என்று உங்களுக்கே தெரியாது. கடிகார நேரமும் பலவீனமான முளைதான். ஏழு மணி வந்துபோனதைக் கவனிக்காமல் இருக்க முடியும். சாப்பிட்ட தட்டைக் கழுவியதைக் கவனிக்காமல் இருக்க முடியாது.

முளையோடு வேலையை ஒரே வாக்கியமாகக் கட்டுங்கள்: 'இரவுத் தட்டைக் கழுவி வைத்ததும் நாளைக்கான துணியை எடுத்து வைப்பேன்.' 'இது நடந்தால் இதைச் செய்வேன்' என்ற இந்த வாக்கிய அமைப்பை உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் நெடுங்காலம் ஆராய்ந்தவர். 2006-ல் அவரும் பாஸ்கல் ஷீரனும் 94 சோதனைகளின் முடிவுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, வெறும் உறுதிமொழியைவிட இப்படிச் சூழலோடு கட்டிய திட்டம் தெளிவாகவே கூடுதல் பலன் தந்திருந்தது. முடிவெடுக்கும் வேலையை முளையே எடுத்துக்கொள்கிறது. அந்த நொடியில் மனசைத் திரட்ட வேண்டியதில்லை.

இரண்டு எச்சரிக்கைகள். எழுந்த முதல் அரை மணி நேரம் மூளை மந்தமாக இருப்பது இயல்பு. அங்கே யோசிக்க வேண்டிய எதையும் கட்டாதீர்கள். முகம் கழுவுவது, தண்ணீர் குடிப்பது, ஜன்னல் திறப்பது மாதிரியானவை போதும். இரண்டாவது, எழும் நேரத்தை விடுமுறை நாளிலும் ஒரு மணி நேரத்துக்கு மேல் நகர்த்தாமல் இருப்பது நல்லது. மொத்த அமைப்பிலேயே சற்று இறுக்கமாகப் பிடிக்க வேண்டியது இது ஒன்றுதான். பெரியவர்களுக்குக் குறைந்தது 7 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்று 2015-ல் அமெரிக்கத் தூக்க மருத்துவ அமைப்புகள் கூடி அறிவித்தன. அதில் கைவைத்துச் சம்பாதிக்கும் காலை நேரம் மாலைக்குள் திரும்பப் பறிக்கப்படும். ஷிப்ட் வேலை பார்ப்பவர்கள் எல்லா முளைகளையும் எழுந்த நேரத்திலிருந்தே அளக்க வேண்டும். மாலை 4 மணிக்கு எழுந்தால் 'காலை' அப்போதுதான்.

படி 4: கயிற்றின் நீளத்தை முடிவு செய்யுங்கள்

உங்கள் வேலைகளைப் பிரித்தால் மூன்று குவியல் வரும். மருந்து, வகுப்பு, கூட்டம், பிள்ளையைக் கூப்பிடப் போவது எல்லாம் நேரம் மாறக்கூடாதவை. இவற்றுக்கு அலாரம் வையுங்கள். நெகிழ்வு என்ற பேச்சே இங்கே கிடையாது. இரண்டாவது குவியல் நாளுக்குள் எங்கும் நகரலாம். மூன்றாவது வாரத்துக்குள் எங்கும் நகரலாம். தினமும் செய்தே ஆக வேண்டும் என்று எழுதிவைத்ததில் பெரும்பகுதி இந்த மூன்றாவது குவியலைச் சேர்ந்தது. துணி மடிப்பது, நண்பருக்குப் போன் செய்வது, நீண்ட நடை, கணக்கு எழுதுவது எல்லாவற்றையும் 'தினமும்' என்பதிலிருந்து 'வாரத்துக்கு இத்தனை தடவை' என்று மாற்றி எழுதுங்கள்.

நாளுக்குள் நகரக்கூடிய வேலை ஒவ்வொன்றுக்கும் இரண்டு இடம் கொடுங்கள்: ஒரு முதல் இடம், ஒரு மாற்று இடம். 'காலையில் பல் துலக்கியதும் நடை. அது தவறினால் மாலையில் வீட்டுக்குள் நுழையும் முன் நடை.' 2021-ல் வெளியான ஓர் ஆய்வு இதற்கு நல்ல ஆதாரம். ஜான் பெஷியர்ஸ், கேத்தரின் மில்க்மன் உள்ளிட்ட குழுவினர் ஒரு நிறுவனத்தின் 2508 ஊழியர்களை வைத்து ஒரு மாதம் சோதனை நடத்தினார்கள். ஒரு பிரிவினருக்கு, தாங்களே முன்கூட்டிச் சொன்ன நேரத்தை ஒட்டி ஜிம்முக்குப் போனால் மட்டும் பணம். இன்னொரு பிரிவினருக்கு எப்போது போனாலும் பணம். நேரம் கட்டிய பிரிவுதான் பழக்கத்தில் ஊறும் என்பது பொதுவான எதிர்பார்ப்பு. நடந்தது வேறு: பணம் நின்ற பிறகும் நெகிழ்வான பிரிவே அதிகம் போனது. நேரம் கட்டியவர்கள் அந்த நேரத்தில் சரியாகப் போனார்கள். அது தவறினால் அன்றைக்குப் போகவே இல்லை. ஒரே ஓர் இடத்தை மட்டும் பழகிய பழக்கம் அவ்வளவு சுலபமாக முறியும்.

மூன்றாவது இடம் கொடுக்காதீர்கள். தாராளமாகத் தோன்றும், ஆனால் அந்த வேலை காலையிலிருந்து இரவு வரை தலைக்குமேல் தொங்கும். மாற்று இடமும் போனால் அன்றைக்கு அது முடிந்தது. இரவு 11 மணிக்கு எழுந்து செய்யும் வீரம் வேண்டாம். அப்படிச் செய்த வேலைக்கான விலையை மறுநாள் காலை கொடுக்கும்.

இடங்களை ஒதுக்கும்போது தெம்புக் குறிப்பையும் பாருங்கள். 3 விழுந்த மணிகளில் யோசனை வேண்டிய வேலை, 1 விழுந்த மணிகளில் கை மட்டும் போதும் என்ற வேலை. மதியச் சாப்பாட்டுக்குப் பிந்தைய அசமந்தத்தில் படிக்க உட்கார்ந்து, மண்டையில் ஏறவில்லையே என்று நொந்துகொள்பவர்கள் நிறைய. அங்கே பாத்திரம் கழுவியிருக்கலாம்.

படி 5: ஒவ்வொன்றுக்கும் மூன்று அளவு

இதைத் தவிர்த்துவிட்டு மற்ற எல்லாப் படிகளையும் செய்தாலும் அமைப்பு ஒரு மாதத்தில் உடையும். எனவே கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள்.

ஒவ்வொரு வேலைக்கும் முழு, பாதி, துளி என்று மூன்று அளவுகளை முன்கூட்டியே எழுதிவையுங்கள். நடை என்றால் 40 நிமிடம், 15 நிமிடம், செருப்பைப் போட்டுக்கொண்டு தெருமுனை வரை. வாசிப்பு என்றால் 25 பக்கம், 8 பக்கம், ஒரு பத்தி. வீட்டு ஒழுங்கு என்றால் ஓர் அறை, ஒரு மேசை, கண்ணில் பட்ட ஐந்து பொருட்களை இடத்தில் வைப்பது. இசைப் பயிற்சி என்றால் 45 நிமிடம், 15 நிமிடம், கருவியை எடுத்து ஒரே ஒரு முறை வாசித்துவிட்டு வைப்பது.

துளிக்கு மூன்று நிபந்தனைகள்: மூன்று நிமிடத்துக்குள் முடிய வேண்டும், எந்த ஆயத்தமும் தேவைப்படக்கூடாது, களைத்து வந்த நாளிலும் செய்ய முடிய வேண்டும். துளி எழுதும்போது பெரும்பாலோர் பாதியைத்தான் எழுதுகிறார்கள். '10 நிமிட யோகா' துளி இல்லை. விரிப்பை விரிப்பதற்கே மனசு வராத நாள் ஒன்று வரும். கைகளை மேலே தூக்கி ஐந்து மூச்சு என்பது துளி. சொல்லக் கூச்சமாக இருக்கும் அளவுக்குச் சிறியதாக இருந்தால் சரியான அளவு.

இன்னொரு தவறு நுட்பமானது. 'துளியை ஆரம்பித்தால் முழுசையும் செய்துவிடுவேன்' என்று துளியைத் தூண்டிலாகப் பயன்படுத்துவது. ஓரிரு முறை பலிக்கும். அப்புறம் மனசு உஷாராகிவிடும். ஒரு பத்தி என்று சொல்லி உட்காரவைத்து 25 பக்கம் வாங்கிவிடுவார் என்று தெரிந்துகொண்டு, ஒரு பத்திக்கே மல்லுக்கு நிற்கும். துளி செய்த நாளில் துளியோடு எழுந்துவிடுவதுதான் ஒப்பந்தம். தானாக ஆசை வந்து தொடர்ந்தால் தொடரலாம். அதை எதிர்பார்த்துத் தொடங்கக்கூடாது.

மேல் எல்லையும் வேண்டும். தெம்பாக இருக்கும் நாளில் முழு அளவின் ஒன்றரை மடங்கைத் தாண்ட வேண்டாம். 40 நிமிடம் நடப்பவர் ஒரு ஞாயிறன்று உற்சாகத்தில் 2 மணி நேரம் நடந்தால், திங்களன்று கால் வலியோடு 40 நிமிடமும் போகும், கூடவே 40 என்பது அற்பம் என்ற எண்ணமும் வந்து உட்காரும்.

எந்த நாளில் எந்த அளவு என்பதை அந்தந்த நேரத்து மனநிலையிடம் விடக்கூடாது. அது எப்போதும் துளியைத்தான் கேட்கும், அல்லது வீம்புக்கு முழுசைக் கேட்கும். அடையாளங்களை நோட்டில் எழுதிவையுங்கள். இரவு ஐந்தரை மணி நேரத்துக்குக் குறைவாகத் தூக்கம், வெளியூர்ப் பயணம், வீட்டில் ஒருவருக்கு உடம்பு சரியில்லை: இதில் ஒன்று இருந்தால் அன்று எல்லாம் பாதி. இரண்டு இருந்தால் எல்லாம் துளி. உங்களுக்கே காய்ச்சல் என்றால் துளியும் கிடையாது. முதல் முளையில் ஒரு நிமிடம் நின்று அன்றைய அளவைத் தீர்மானியுங்கள். மதியத்துக்குள் நிலைமை மாறினால் இரண்டாவது முளையில் ஒரே ஒருமுறை மாற்றிக்கொள்ளலாம்.

படி 6: வாரத்துக்கு இரண்டு விடுப்பு

'வாரத்துக்கு ஐந்து நாள்' என்று இலக்கு வைப்பதும், 'ஏழு நாள், ஆனால் அவசரத்துக்கு இரண்டு விடுப்பு' என்று வைப்பதும் கணக்கில் ஒன்றுதான். மனசுக்கு ஒன்றில்லை. 2017-ல் மரிஸ்ஸா ஷரீஃப், சூசன் ஷூ இருவரும் இணையத்தில் தினமும் செய்ய வேண்டிய ஒரு சலிப்பான வேலையை ஒரு வாரம் கொடுத்துப் பார்த்தார்கள். ஏழு நாள் இலக்கை எட்டியவர்கள் 21 சதவீதம், ஐந்து நாள் இலக்கை எட்டியவர்கள் 26 சதவீதம். ஏழு நாளோடு இரண்டு விடுப்பும் பெற்றவர்களில் 53 சதவீதம் பேர் எட்டினார்கள். விடுப்பு கையில் இருந்தால் அதை உடனே செலவழிக்க மனசு வருவதில்லை. பின்னால் தேவைப்படுமே என்று சேர்த்து வைக்கிறோம். செலவழித்தாலும் ஆட்டம் முடிவதில்லை.

எனவே துளிகூட முடியாத நாளில் விடுப்பு எடுங்கள். நோட்டில் 'வி' என்று போட்டால் போதும். அடுத்த வாரத்துக்குச் சேர்த்து வைக்க முடியாது, காரணம் எழுத வேண்டியதில்லை.

படி 7: தவறிய பிறகு

விடுப்பும் தீர்ந்து, வேலையும் தவறும் நாள் வரும். 1975-ல் பீட்டர் ஹெர்மனும் டெபோரா மாக்கும் நடத்திய ஒரு சோதனையில், உணவுக் கட்டுப்பாட்டில் இருந்தவர்களுக்கு முதலில் மில்க்‌ஷேக் கொடுத்துவிட்டு, பிறகு ஐஸ்கிரீமைச் சுவைத்துப் பார்க்கச் சொன்னார்கள். கட்டுப்பாடு இல்லாதவர்கள் வயிறு நிறைந்ததால் குறைவாகச் சாப்பிட்டார்கள். கட்டுப்பாட்டில் இருந்தவர்கள், மில்க்‌ஷேக் குடிக்காதபோது சாப்பிடுவதைவிட அதிகமாகச் சாப்பிட்டார்கள். முழுக்க நனைந்தபின் முக்காடு எதற்கு என்ற கதைதான். ஒரு நாள் தவறியதால் வரும் சேதத்தைவிட, தவறியதே என்று மீதியையும் விட்டுவிடுவதால் வரும் சேதம் பெரிது.

முதல் சேதம் எவ்வளவு சிறியது என்பதற்கும் கணக்கு இருக்கிறது. லண்டனில் பிலிப்பா லாலியும் குழுவினரும் 96 பேரை 84 நாள் தொடர்ந்து கவனித்துச் செய்த ஆய்வில், ஒரு செயல் தானாக நடக்கும் பழக்கமாக மாற இடைநிலை அளவாக 66 நாள் ஆகும் என்று கணக்கிட்டார்கள். ஆளுக்கும் செயலுக்கும் ஏற்ப அந்தக் கணிப்பு 18 நாளிலிருந்து, கவனித்த 84 நாளையும் தாண்டி, 254 நாள்வரை வீச்சு கொண்டிருந்தது. நடுவில் ஒரு நாள் தவறியது அந்த வளர்ச்சியைக் குறிப்பிடும்படி பாதிக்கவில்லை. எங்கும் சொல்லப்படும் '21 நாள்' கணக்கு 1960-ல் மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற பிளாஸ்டிக் அறுவை சிகிச்சை மருத்துவர் எழுதியதிலிருந்து கிளைத்தது. தன் நோயாளிகள் மாறிய முகத்துக்குப் பழக குறைந்தது அவ்வளவு நாளாகிறது என்பதே அவர் கவனித்தது. அதை நம்பி 22-ஆம் நாள் இன்னும் தானாக வரவில்லையே என்று கலங்க வேண்டியதில்லை.

தவறியதும் செய்ய வேண்டியவை இவை. நாளைக்கு இரட்டிப்பாகச் செய்து ஈடுகட்ட முயலாதீர்கள். கடன் சேர்ந்தால் அந்த வேலையின் முகத்தில் விழிக்கவே பிடிக்காது. அடுத்து வரும் இடத்தில் துளியைச் செய்யுங்கள், தெம்பு இருந்தாலும் துளிதான். நோட்டில் ஒரே ஒரு சொல் எழுதுங்கள்: நேரம், உடம்பு, மறதி, மனசு. நான்கில் எது என்று மட்டும்.

ஒரே சொல் மூன்று முறை வந்தால்தான் திட்டத்தில் கைவைக்க வேண்டும். 'நேரம்' மூன்று முறை என்றால் நிமிடக் கணக்கு தப்பு. படி 2-க்குத் திரும்பி அந்த வேலையை மட்டும் மறுபடி அளந்து பாருங்கள். 'உடம்பு' என்றால் இடம் தப்பு, தெம்பு 1 உள்ள மணியில் வைத்திருக்கிறீர்கள். 'மறதி' என்றால் முளை ஆடுகிறது, அல்லது தேவையான பொருள் கண்ணில் படவில்லை. புத்தகத்தை அலமாரியிலிருந்து எடுத்துத் தலையணைமேல் வைப்பது எந்த நினைவூட்டலையும்விட வேலை செய்யும். 'மனசு' என்று மூன்று முறை வந்தால் யோசிக்க வேண்டியது வேறு: இது உங்கள் ஆசையா, இல்லை, செய்தால் நல்லது என்று யாரோ சொன்னதா? இரண்டாவது என்றால் நோட்டிலிருந்து அடித்துவிடுங்கள். விட்டுவிட்டோமே என்ற உறுத்தலுக்கு அங்கே வேலையில்லை.

தன்னைக் கடிந்துகொண்டால்தான் அடுத்த முறை ஒழுங்காகச் செய்வோம் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. மைக்கேல் வோல், திமோதி பைக்கில், ஷானன் பென்னட் 2010-ல் வெளியிட்ட ஆய்வு முதலாண்டு மாணவர்கள் 119 பேரைக் கவனித்தது. முதல் தேர்வுக்குப் படிக்காமல் தள்ளிப்போட்டதற்காகத் தங்களை மன்னித்துக்கொண்டவர்கள், அடுத்த தேர்வுக்குக் குறைவாகத் தள்ளிப்போட்டார்கள். திட்டு வாங்கிய வேலையை மனசு நெருங்க விரும்பாது, திட்டியது நீங்களே என்றாலும்.

ஆனால் எல்லா உறுத்தலும் ஒன்றில்லை. வருகிறேன் என்று சொல்லி ஒருவரைக் காக்க வைத்திருந்தால், அந்த உறுத்தல் நியாயமானது. அதற்கு மருந்து துளி இல்லை, ஒரு போன் அழைப்பும் மன்னிப்பும்.

படி 8: குறிப்பதும் திருத்துவதும்

எத்தனை நாள் விடாமல் செய்தீர்கள் என்று சங்கிலி எண்ணும் செயலிகளைத் தவிர்ப்பது நல்லது. 39 நாள் செய்துவிட்டு 40-ஆம் நாள் தவறினால் அது பூஜ்யம் காட்டும். அந்த 39 நாள் நிஜத்தில் எங்கும் போகவில்லை. நாட்காட்டியில் ஒரு புள்ளி வைத்து, மாதக் கடைசியில் புள்ளிகளை எண்ணுங்கள். முழுசுக்கும் பாதிக்கும் துளிக்கும் ஒரே புள்ளிதான். அளவுக்குத் தகுந்தபடி பெரிய புள்ளி சின்னப் புள்ளி வைக்கத் தொடங்கினால் டைம்டேபிள் பின்வாசல் வழியாகத் திரும்பி வரும்.

வாரத்துக்கு ஒருமுறை 15 நிமிடம் நோட்டோடு உட்காருங்கள். எந்தச் சொல் மூன்று முறை வந்தது, அடுத்த வாரத்தில் முன்கூட்டியே தெரிந்த கெட்ட நாள் எது, எதை ஒன்றை மட்டும் மாற்றலாம். ஒரே வாரத்தில் இரண்டை மாற்றினால் எது பலன் தந்தது என்று தெரியாது. தொடக்கத்தில் இரண்டு வேலைகளை மட்டும் கட்டுங்கள். அவை மூன்று வாரம் தள்ளாடாமல் ஓடினால் மூன்றாவது. நான்கு வாரம் பார்த்தும் பாதி நாள்கூடப் புள்ளி விழாத வேலையை வேறு முளைக்கு மாற்றிக் கட்டுங்கள். அங்கேயும் நான்கு வாரம் விழாவிட்டால் விட்டுவிடுங்கள்.

குளிப்பது, சாப்பிடுவது, எழுவதுகூட மலையாகத் தெரிந்து, எதிலும் ஈடுபாடில்லாத நிலை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அது திட்டக் கோளாறு இல்லை. நோட்டை மூடிவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

நீண்ட இடைவெளிக்குப் பிறகு திரும்புவது

நோய், பயணம், துக்கம், வீடு மாற்றம் என்று இரண்டு மூன்று வாரம் எல்லாம் நின்றுபோவது உண்டு. விட்ட இடத்திலிருந்து தொடங்க முயல்வதால்தான் பெரும்பாலோர் இங்கே தோற்கிறார்கள். முதல் இரண்டு நாள் முளைகளை மட்டும் சரிபாருங்கள்: எழும் நேரம், சாப்பாடு, விளக்கணைப்பது. வீடோ வேலையோ மாறியிருந்தால் பழைய முளைகள் சில அங்கே இருக்காது, புதிதாக அடிக்க வேண்டியிருக்கும். மூன்றாம் நாளிலிருந்து ஒரு வாரம் எல்லாமே துளி. அடுத்த வாரம் ஒரே ஒரு வேலையைப் பாதிக்கு ஏற்றுங்கள், மற்றவை துளியிலேயே இருக்கட்டும். எதை முதலில் ஏற்றுவது என்று தெரியாவிட்டால், இடைவெளியில் எதைச் செய்யாமல் இருந்தது உங்களுக்கே குறையாகப்பட்டதோ அதை ஏற்றுங்கள். இடைவெளி முழுவதும் ஒருமுறைகூட நினைவுக்கு வராத வேலை நோட்டில் இருந்தால், அதற்கு இனி கயிறு வேண்டாம்.